பச்சை விளக்கு எரியாத கச்சேரி

இசைக்கருவிக் கடையில் அவருக்குச் சனிக்கிழமைக்காரர் என்று பெயர். வைத்தவர் கடை முதலாளி. சனிக்கிழமை மூன்று மணி என்றால் மூன்று மணிக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கால்மிதியில் இரண்டு காலையும் பதவிசாகத் துடைத்து, தோளில் தொங்கும் டூல்ஸ் பையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் கடையின் பின்கோடிக்குப் போய்விடுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? "சனி புடிச்சாக்கூட ஏழரை வருஷத்துல விட்டுரும். இவர் பதினோரு வருஷமா விடலை" என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்வார். சொல்லிவிட்டு அவருக்கு டீ வரவழைத்துக் கொடுப்பவரும் அதே முதலாளிதான்.

கடை ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கிட்டார்கள் ஆணிக்கு ஆணி தொங்கும். கீழே ஆம்ப்ளிஃபயர்கள் சின்னதும் பெரிதுமாக வரிசை கட்டி நிற்கும். கிட்டார் சோதிக்க வருகிறவர்களில் பல ரகம் உண்டு. சிலர் ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற எல்லாத் திருகையும் கடைசி வரை திருகிவிட்டு, கம்பியை ஒரு தட்டுத் தட்டி, தாங்களே பயந்து பின்னால் நகர்வார்கள். சிலருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டின் முதல் நாலு அடி. அதைப் பத்துக் கிட்டாரிலும் வாசித்து, பத்திலும் ஒரே இடத்தில் தப்பு விட்டு, "இதுவும் சரியில்லை" என்று திருப்பி மாட்டுவார்கள். இன்னும் சிலர் வாசிப்பதே இல்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று, வயிற்றை உள்ளே இழுத்துப் பார்ப்பார்கள். அவர்கள்தான் கட்டாயம் வாங்குவார்கள் என்பது முதலாளியின் அனுபவம்.

பின்கோடியில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. அங்கே இருப்பது பேஸ் கிட்டார்கள். நீண்ட கழுத்து, தடித்த கம்பி நாலே நாலு. மற்ற வாத்தியங்கள் மேலே ஆடிக்கொண்டிருக்கும்போது கீழே தரையாகக் கிடப்பது பேஸின் வேலை. பேஸ் வாசிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் கேட்பவர்களில் பாதிப் பேர் "அதுவும் கிட்டார்தானே" என்பார்கள். மீதிப் பேர் "அப்புறம் கிட்டார் கத்துக்கப் போறீங்களா" என்பார்கள்.

அங்கே மூன்றாவது ஆணியில் பழுப்பு நிறத்தில் ஒரு பேஸ் தொங்கிக்கொண்டிருந்தது. பளபளப்பு இல்லை. யாரோ ஒருவரின் பெல்ட் கொக்கி கீறிய தழும்பு முதுகில் இருந்தது. அதைத்தான் சனிக்கிழமைக்காரர் எடுப்பார். பீரோவின் பாதி உயரத்துக்கு நிற்கும் கறுப்பு ஆம்ப்ளிஃபயரில் வயரைச் செருகுவார். அதில் இரண்டு விளக்குகள். சிவப்பு எரிந்தால் கரண்ட் வருகிறது என்று பொருள். பச்சை எரிந்தால் சத்தம் வெளியே போகிறது என்று பொருள். அவர் குனிந்து பச்சை விளக்கைப் பார்ப்பார். நிமிர்வார். மறுபடி குனிந்து பார்ப்பார். உட்கார்ந்த பிறகு எழுந்து வந்து இன்னொரு முறை பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்க்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்களே, அந்த மாதிரி ஏதோ ஒரு பழக்கம் என்று கடையில் விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு மணி நேரம் வாசிப்பார். பாட்டு இல்லாத பாட்டு அது. மேலே இருக்க வேண்டிய எல்லாவற்றையும் உருவிவிட்டு அடித்தளத்தை மட்டும் வைத்தது போல இருக்கும். முடித்ததும் பேஸை மஞ்சள் துணியால் துடைத்து மூன்றாவது ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். "எடுத்துக்கறீங்களா அண்ணே?" என்று முதலாளி இந்தப் பதினோரு வருஷத்தில் இரண்டே முறைதான் கேட்டிருக்கிறார். முதல் முறை "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. இரண்டாவது முறை "வீட்ல இடம் இல்லை" என்று வந்தது. இரண்டாவது பதில் பச்சைப் பொய். வீட்டுப் பரணில் ஒரு பேஸ் பெட்டியின் நீளத்துக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. அதில் அவர் மனைவி வேறு எதையும் வைப்பதில்லை. ஏன் வைப்பதில்லை என்று அவரும் கேட்டதில்லை.

அவர் தொழில் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷ அனுபவம். லிஃப்ட் ஓடுகிற வரைக்கும் அதற்கு ஒரு மெக்கானிக் இருக்கிறான் என்பது யாருக்கும் நினைவிருக்காது. நின்றுவிட்டால் அவனுடைய பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் நினைவுக்கு வருவார்கள். இவர் மொட்டை மாடி மோட்டார் அறைக்குள் போனதும் முதலில் உள்ளங்கையை மோட்டார் மேல் வைப்பார். அதிர்வு கைக்கு வந்ததும் பிரேக்கா, கயிறா, பேரிங்கா என்று பாதி தெரிந்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள் மீட்டரைத் தேடி எடுப்பதற்குள் இவர் ஸ்பானரை எடுத்திருப்பார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவரிடம் சொந்த பேஸ் இருந்தது, நண்பர்கள் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவும் இருந்தது. ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு அவர்களைக் கூப்பிட்டார்கள். முதல் பெரிய மேடை. இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்தார். மனைவி தையல்காரி. அவள் மெஷின் இருந்த அறையிலேயே, அவள் தைக்கத் தைக்க, அவர் வாசித்தார். விழா அன்று மேடையில் ஏறி, ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கம்பிகளைச் சுதி சேர்த்தார். சுதி சேர்க்கும்போது அந்த 'டொய்ங் டொய்ங்' சபைக்குக் கேட்காமல் இருக்க ஆம்ப்ளிஃபயரில் ஒரு பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்திக்கொள்வது பேஸ்காரர்களின் மரியாதை. அவரும் நிறுத்திக்கொண்டார். அதற்குள் மேடை விளக்கு எரிந்து, டிரம்காரர் குச்சியைத் தட்டி, பாட்டு ஆரம்பமாகிவிட்டது.

ஒன்றரை மணி நேரம் வாசித்தார். உயிரைக் கொடுத்து வாசித்தார். கடைசிப் பாட்டு முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, வயரை உருவக் குனிந்தபோதுதான் பார்த்தார். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பச்சை எரியவில்லை. சுதி சேர்க்க அழுத்திய பொத்தானை அதுவரை மறுபடி அழுத்தவே இல்லை, அப்போதுதான் அழுத்தினார்.

அது கூடப் பரவாயில்லை. மறதி யாருக்கும் வரும். மேடையில் டிரம் சத்தத்தில் தரையே அதிர்ந்ததால் தன்னுடையதும் கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டார், அதையும் மன்னித்துவிடலாம். அவரை அடித்துப் போட்டது அதற்குப் பிறகு நடந்தது. பாட்டுக்காரர் வந்து கட்டிப்பிடித்து, "இன்னைக்கு பேஸ் பிரமாதம்" என்றார். டிரம்காரர் முதுகில் தட்டினார். கம்பெனி மேனேஜர் கை குலுக்கி, "அந்த அடிச்சத்தம் இருக்கே, அதுதான் சார் உயிர்" என்றார். அத்தனை பேருக்கும் அவர் சிரித்துச் சிரித்து நன்றி சொன்னார். ஒருவருக்குக் கூடத் தெரியவில்லை. அவர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வரும் வழியில், கச்சேரி கேட்க வந்திருந்த மனைவியிடம், "விரல்ல ஒரு மாதிரி வலி. இனிமே வேண்டாம்னு பார்க்கறேன்" என்றார். அவள் சரி என்றாள். இரண்டு மாதத்தில் பேஸ் வேறு ஒருவர் கைக்குப் போனது. உண்மையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

எட்டு வருஷம் கழித்து அந்த நாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று கூப்பிட்டார்கள். இரண்டாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்க் கடையில் யாரோ பேஸை ஒரு தட்டுத் தட்டினார்கள். வேலையை முடித்தார், கையைத் துடைத்தார், கடைக்குள் போனார். அன்று சனிக்கிழமை. "ஏன் லேட்டு?" என்று வீட்டில் கேட்டதற்கு, "அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒரு மாதிரி. வாராவாரம் பார்க்கணும் போல" என்றார். அதிலிருந்து பதினோரு வருஷமாக அந்த லிஃப்ட் சனிக்கிழமை தவறாமல் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது.

கடையில் வாசிப்பது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. சோதித்துப் பார்க்கிறவனை யாரும் நல்ல வாசிப்பா கெட்ட வாசிப்பா என்று கேட்பதில்லை. வாங்கிவிட்டால் வாசிப்பவன் ஆகிவிட வேண்டும். வாசிப்பவன் என்றால் யாராவது கேட்க வேண்டும். அந்த வம்பு அவருக்கு வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன்னால் முதலாளியிடம் சொல்லிவிட்டுத் தானே ஒரு செட் கம்பி கொண்டுவந்து பழுப்பு பேஸுக்குப் போட்டார். புதுக் கம்பி கண்ணாடி டம்ளரில் ஸ்பூனால் தட்டியது மாதிரி பேசும். வாசிக்க வாசிக்க அந்தக் கிணுகிணுப்பு அடங்கி, அடித்தொண்டை வெளியே வரும். நாலு வருஷத்தில் அந்தக் கம்பிகள் அவர் விரலுக்கு ஏற்றபடி பேசப் பழகிவிட்டன. வாங்காமலேயே ஒரு பொருளுக்குச் சொந்தக்காரராக இருப்பது எப்படி என்று அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அதற்குப் பிறகு.

அந்தச் சனிக்கிழமை கடையில் வாசித்துக் காட்டுகிற ஊழியர் வரவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து பேஸ் பார்க்க வேண்டும் என்றார்.

"எங்க ஆளு இன்னைக்கு லீவு மேடம். பல் வலின்னு போனவரு…"

"தெரியும். காலையில அவர் பல்லைப் புடுங்கினதே நான்தான்" என்றார் அந்த அம்மா. "வாய்க்குள்ள பஞ்சை வெச்சுக்கிட்டே இந்தக் கடையைப் பத்திச் சொன்னாரு."

பல் டாக்டரும் அவருடைய தோழிகள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கார் ஷெட்டில் சேர்ந்து வாசிப்பவர்கள். பேஸ் வாசித்தவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். ஒரு மாதம் பேஸ் இல்லாமல் ஓட்டிப் பார்த்தார்களாம். "கால் ஆடற மேசையில சாப்பிடற மாதிரி இருக்கு. அதான் நானே கத்துக்கலாம்னு" என்றார்.

முதலாளி பின்கோடியைப் பார்த்தார். "அண்ணே, நீங்க கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன். மேடம் கேட்டுப் பார்க்கட்டும்."

மறுக்க முடியுமா? பதினோரு வருஷத்து டீ. சிவப்பு பேஸை எடுத்து வாசித்தார். கறுப்பை எடுத்து வாசித்தார். டாக்டர் தலையை ஆட்டினார், முகம் மாறவில்லை. "அந்தப் பழுப்பு?" என்று கை நீட்டினார். அதை மட்டும் சுமாராக வாசித்துவிடலாம் என்று அவர் நினைக்கத்தான் செய்தார். கை கேட்டால்தானே? அவருடைய கம்பி, அவருடைய தழும்பு, எதிரே உட்கார்ந்து கேட்கிற ஒரு மனுஷி. பச்சை விளக்கை மூன்று முறை பார்த்துவிட்டு ஆரம்பித்தவர் எப்போது முடித்தார் என்று அவருக்கே தெரியாது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் விரலால் கெட்டார்.

"இதுதான்" என்றார் டாக்டர். "இதையே குடுங்க."

முதலாளிக்கு ஒரு கணம் சங்கடமாகிவிட்டது. ஆனால் ஆணியில் தொங்குவது விற்பதற்காகத்தானே. சனிக்கிழமைக்காரர், "குடுங்க குடுங்க, நல்ல பேஸ்" என்று தானே துடைத்துக் கொடுத்தார். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கருவி விற்றாலும் பழைய கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடைச் செலவில் புதுக் கம்பி போட்டுத்தான் கொடுப்பார்கள். முதலாளி அன்றும் அப்படியே செய்தார். கழற்றிய நாலு கம்பிகளையும் வளையமாகச் சுற்றி, ஒரு காகிதத்தில் மடித்து, "உங்களோடதுதானே அண்ணே" என்று நீட்டினார். அவர் வாங்கி டூல்ஸ் பையின் ஓரப் பகுதியில் வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க மோட்டார் அறைகளில் ஸ்பானரை எடுக்கும்போதெல்லாம் அந்தக் காகிதம் கையில் தட்டியது. எடுத்து எறியவும் மனம் வரவில்லை, பிரித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை போக வேண்டாம் என்று நினைத்தார். மூன்று மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார். மூன்றாவது ஆணி வெறுமனே இருந்தது. கறுப்பு பேஸை எடுத்து மடியில் வைத்தார். யாருடைய செருப்பிலோ கால் விட்ட மாதிரி இருந்தது. வாசிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். முதுகில் பேஸ் உறை. கல்லாவில் அதை இறக்கி வைத்து, "இதைத் திருப்பி எடுத்துக்கணும்" என்றார்.

"என்ன மேடம் ஆச்சு? ஏதாவது உடைஞ்சுதா?"

"உடையல. ஆனா இது அன்னைக்குக் கேட்டது இல்லை. மாத்திக் குடுத்துட்டீங்க."

பல் பிடுங்கிக்கொண்ட ஊழியர் அன்று வேலைக்கு வந்திருந்தார். பேஸை வாங்கி, முன்பக்கத்து ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. "பின்னால கீறல் இருக்கு பாருங்க, அதே பேஸ்தான்" என்றார் முதலாளி. டாக்டர் அசையவில்லை. அவர் போன் பேசச் சற்று நகர்ந்தபோது முதலாளி ஊழியரின் காதில், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முணுமுணுத்தார். பிறகு வியாபாரிக்கு உரிய முகத்தோடு, இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வது கடை விதி என்றும், எழுதிக் கொடுத்துவிடலாம் என்றும் சொல்லி நோட்டைத் திறந்தார்.

பின்கோடியில் உட்கார்ந்திருந்தவருக்குக் காரணம் முதல் தட்டிலேயே தெரிந்துவிட்டது. கம்பி. புதுக் கம்பியின் கிணுகிணுப்பு. பேஸ் அதேதான், தொண்டை வேறு. மருந்து அவருடைய பையில், காகிதத்தில் மடித்துக் கிடந்தது. உலகத்தில் வேறு எங்கேயும் அது கிடையாது.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். முதலாளி நோட்டில் இரண்டு வரி எழுதுவார். டாக்டர் கையெழுத்துப் போடுவார். பேஸ் மூன்றாவது ஆணிக்கு வரும். இன்றைக்கே, இன்னும் கால் மணி நேரத்தில், பழைய கம்பிகளைப் போட்டுவிடலாம். இனி யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டால் சாகும்வரை அது அங்கேயே தொங்கும். இதில் என்ன பாவம்? யார் குடியைக் கெடுத்தார்? அவர் குனிந்து கறுப்பு பேஸின் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் முன்பக்கத்தில் இருந்தது.

"உங்களுக்கு நான் வாசிக்கத் தெரியாம குறை சொல்றேன்னு தோணுது" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாதுதான். கேக்கத் தெரியும். அன்னைக்கு ஒருத்தர் வாசிச்சாரே, அந்தச் சத்தம் இங்க வந்து உக்காந்துச்சு." நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "வீட்டுக்குப் போய் நானும் என் பிரெண்ட்ஸும் அதைத் தேடாத இடம் இல்லை. அது இருந்தா இருக்குன்னு தெரியும். இல்லைன்னா இல்லைன்னு தெரியாதா?"

சனிக்கிழமைக்காரர் கறுப்பு பேஸைக் கீழே வைத்தார். பத்தொன்பது வருஷம் அவர் சுமந்து திரிந்த ஒரு கேள்விக்கு, அதைக் கேள்விப்பட்டே இராத ஒரு பல் டாக்டர், கல்லாவில் நின்று, கோபமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அழுகை வருகிற வயதா இது என்று இவர் தன்னையே திட்டிக்கொண்டு எழுந்து முன்பக்கம் வந்தார்.

"எழுத வேண்டாம்" என்றார் முதலாளியிடம். "கம்பிதான் காரணம்."

டூல்ஸ் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். அதே பேஸுக்கு அளந்து வெட்டிய கம்பிகள், கம்பி சுற்றும் அதே முளைகளில் வளைந்து பழகியவை. பின்கோடிக்கு எடுத்துப் போய்ப் போட்டுச் சுதி சேர்க்க இருபது நிமிஷம் ஆனது. சுதி சேர்க்கும்போது பச்சை விளக்கை அணைத்தார். முடித்ததும் பச்சையைப் போட்டு, மூன்று முறை பார்த்தார். "நீங்களே தட்டுங்க டாக்டர்" என்று பேஸை அவர் மடியில் வைத்தார்.

டாக்டர் கட்டை விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கை தப்பு, இடம் தப்பு. ஆனால் சத்தம் வந்தது.

"இதேதான்" என்றார் டாக்டர். பிறகு, "சார், நீங்க எங்க வாசிக்கறீங்க?"

"இங்கதான்."

"கடையிலயா? அப்ப கேக்கணும்னா நாங்க எங்க வர்றது?"

அவர் சிரித்து வைத்தார். டாக்டர் பேஸை உறையில் போட்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாவது ஆணி வெறுமனே நின்றது. அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் போன வாரத்து வருத்தம் இல்லை இது.

வீட்டில் மனைவி ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கை கழுவாமல், சட்டை மாற்றாமல், மெஷினுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்த ஆண்டு விழாக் கச்சேரி ஞாபகம் இருக்கா?"

அவள் ஊசியை நிறுத்தினாள்.

"அன்னைக்கு என் சத்தம் வெளியவே வரல. நான் பொத்தானைப் போட மறந்துட்டேன். ஒருத்தருக்கும் தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு மாசம் இந்த ரூம்லதானே வாசிச்சீங்க? மூணாவது பாட்டுல ஒரு இடத்துக்கு இறங்குவீங்க. அப்பல்லாம் இந்தப் பொத்தான் டப்பா தன்னால கிடுகிடுங்கும்." மெஷின் பலகை மேல் இருந்த தகர டப்பாவைத் தொட்டுக் காட்டினாள். "அன்னைக்கு அந்த இடம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வந்துச்சு, போயிருச்சு. உங்க கை அசையுது, ஒண்ணும் கேக்கல. பெரிய ஹாலுன்னா இப்படித்தான் போலன்னு நினைச்சேன். எல்லாம் முடிஞ்சு நீங்க குனிஞ்சு எதையோ அமுக்கினீங்க. பச்சையா ஒரு லைட்டு எரிஞ்சுது. அப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தேன். புரிஞ்சுருச்சு."

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் வந்து பிரமாதம்ங்கறாங்க, நீங்க சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க. நான் வேற வந்து சொல்லணுமா? அப்புறம் விரல் வலின்னீங்க. வலிக்கறது விரல் இல்லைன்னு தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பத்தொம்பது வருஷம் ஆகும்னு நினைக்கல."

ஒருவருக்குமே தெரியவில்லை என்று எண்ணி எண்ணி ஒரு மனிதன் பாதி ஆயுளை ஓட்டியிருக்கிறான். தெரிந்த ஒருத்தி அதே வீட்டில், அதே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, பரணில் பெட்டி வைக்கும் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்ததை என்னவென்று சொல்வது? அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறைக்கவில்லை.

"அப்புறம் அந்த லிஃப்ட்" என்றாள் அவள்.

"எந்த லிஃப்ட்?"

"ஆமா, எந்த லிஃப்ட்! பதினோரு வருஷமா சனிக்கிழமை மட்டும் கெட்டுப்போற லிஃப்டு உலகத்துல எங்கயாவது உண்டா? மத்த நாள் கிரீஸு முழங்கை வரைக்கும் இருக்கும். சனிக்கிழமை மட்டும் விரல் நுனியில கம்பிக் கறுப்பு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சா, சாப்பாடு போடறவளுக்குத் தெரியாதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பிறகு அவர் பழுப்பு பேஸின் கதையையும் பல் டாக்டரின் கதையையும் ஆதியோடந்தமாகச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கம்பியை எடுத்துக் கொடுத்த இடம் வந்தபோது மட்டும், "நல்ல வேலை பண்ணினீங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்குக் கண்ணாடிக் கதவு திறந்து இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். மனைவி கைப்பையிலிருந்து பொத்தான் டப்பாவை எடுத்துக் கறுப்பு ஆம்ப்ளிஃபயரின் தலையில் வைத்தாள். கடையில் இதுவரை எத்தனையோ விதமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், தகர டப்பா கொண்டுவந்தவர் யாரும் இல்லை.

"ஒவ்வொண்ணா எடுங்க" என்றாள், கத்திரிக்காய் பொறுக்குகிற தோரணையில்.

சிவப்பு பேஸில் அவர் அந்த ஒரு இடத்தை மட்டும் வாசித்தார். டப்பா சும்மா இருந்தது. "வேண்டாம்" என்றாள். கறுப்பில் ஒரு முனகல் கேட்டது. "ம்ஹூம். இது சொந்தக்காரங்க வீட்டுல சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு." முன்பக்கத்தில் கிட்டார் பார்க்க வந்தவர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பின்கோடியை எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவதாக, கடைசி ஆணியில் தூசியோடு தொங்கிய மரநிற பேஸை ஊழியர் இறக்கிக் கொடுத்தார். அவர் அந்த இடத்துக்கு இறங்கினார். டப்பாவுக்குள் அத்தனை பொத்தானும் கிடுகிடுவென்று எழுந்து பேசின. மனைவி அதன் மேல் உள்ளங்கையை வைத்து அடக்கினாள்.

"இதைக் கட்டுங்க" என்றாள் முதலாளியிடம். "கம்பியை மட்டும் மாத்தாதீங்க."

"மாத்தலைங்க, மாத்தலைங்க" என்றார் முதலாளி. "கட்டறதுக்கு முன்னாடி அண்ணன் ஒரு தடவை முழுசா வாசிச்சுப் பார்த்துரட்டும்."

சனிக்கிழமைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பழக்க தோஷத்தில் பச்சை விளக்கைப் பார்க்க எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் மனைவி. அவள் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "லைட்டு எரியுது. அதை நான் பார்த்துக்கறேன், நீங்க வாசிங்க."

அவர் உட்கார்ந்து மூன்றாவது பாட்டை ஆரம்பித்தார்.